ஆறு ஃபர்லாங் மும்தாஜ்

தஞ்சாவூர்க்காரர்களிடம் குதிரை என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருவது மனிதக் காலில் ஆடுகிற குதிரைதான். பொய்க்கால் குதிரை! இடுப்பில் கட்டிய கூடு, காலில் கட்டைகள், நையாண்டி மேளம், ராஜா ஒருவர், ராணி ஒருவர். கோயில் திருவிழாவோ கட்சி ஊர்வலமோ, அது வந்துவிட்டால் குழந்தைகள் அப்பாவின் தோளை விட்டு இறங்க மாட்டார்கள்.

இன்னும் தேடினால் ஊர் எல்லையில் அய்யனாரின் மண் குதிரை இருக்கிறது. தாராசுரத்தில் தேர் மண்டபத்தை இழுத்துக்கொண்டு பாய்கிற கல் குதிரை இருக்கிறது. மண், கல், மூங்கில் என்று எல்லாவற்றிலும் குதிரை உண்டு. ரத்தமும் சதையுமான குதிரைதான் காவிரிக் கரையில் எப்போதும் விருந்தாளியாகவே இருந்திருக்கிறது. பூம்புகார்த் துறைமுகத்தில் கடல் வழியாகக் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது. ஆயிரம் வருடத்துக்கு மேல் கழிந்து, பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் கடற்கரைப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும் அதே கதையைத்தான் எழுதினார். அரசர்கள் ஒவ்வொருவரும் வருடத்துக்கு இரண்டாயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்குகிறார்கள். வருடம் முடியும்போது நூறு கூடத் தேறுவதில்லை. வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் தீனியாகப் போடுகிறார்கள். நல்ல ஆண் குதிரையும் நல்ல பெண் குதிரையும் சேர்ந்தால்கூட இங்கே பிறப்பது கால் வளைந்த, சவாரிக்கு உதவாத குட்டிதான் என்று அவர் உதட்டைப் பிதுக்குகிறார்.

அவர் கொஞ்சம் மிகைப்படுத்துகிற ஆள்தான். ஆனாலும் நெல் செழித்த மண்ணில் குதிரை செழிக்கவில்லை என்பது உண்மை. இன்றைக்கு டெல்டாவில் தானாக மேய்ந்து திரிகிற குதிரைகளைப் பார்க்க வேண்டுமென்றால் கோடியக்கரை சரணாலயத்துக்குத்தான் போக வேண்டும். மான்களுக்கு நடுவே மட்டக் குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும். எப்போதோ யாரோ வளர்த்து விட்டுப்போனவற்றின் வாரிசுகள் அவை.

குதிரை வளரவில்லையே தவிர, குதிரையைப் பற்றிய படிப்பு தஞ்சாவூரில் குறைவில்லாமல் இருந்தது. நகுலர் எழுதியதாகச் சொல்லப்படும் அசுவ சாஸ்திரத்தை வண்ணப் படங்களோடு 1952-ல் சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்தது. குதிரையின் நிறம், உடலில் சுழி எங்கே இருக்கிறது, எந்தச் சுழி நல்லது, எந்தச் சுழி வீட்டுக்கு ஆகாது என்றெல்லாம் பார்க்கிற சாஸ்திரம். டெல்டா விவசாயிக்கு இது புதிதல்ல. மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்த்த கையோடு சுழியையும் பார்ப்பார். தரகர் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போது, ‘சுழி சுத்தம்’ என்ற ஒரு சொல்லுக்கே தனி விலை உண்டு.

ஒரு விலங்கு பெரிதானால் எப்படி ஓடும், எப்படி உழும், அதன் பிள்ளைகள் எப்படி இருக்கும் என்பதை அதன் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துவிட முடியுமா? சுழி பார்க்கிறவர்களும் அதைத்தான் முயல்கிறார்கள். லட்சம் லட்சமாகப் பணம் கொட்டும் ஐரோப்பியக் குதிரைச் சந்தைக்காரர்களும் அதைத்தான் முயல்கிறார்கள். வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் கையில் ஒரு புத்தகம் இருக்கிறது.

இங்கிலாந்தில் 1793-ல் அதன் முதல் தொகுதி வந்தது. ஜெனரல் ஸ்டட் புக். ‘தரோபிரெட்’ என்று அழைக்கப்படும் பந்தயக் குதிரை ஒவ்வொன்றின் அப்பா, அம்மா, பாட்டி, பூட்டி பெயரும் அதில் பதிவாகும். இன்றைக்கு உலகத்தில் எங்கே ஒரு தரோபிரெட் குதிரை ஓடினாலும், ஆண் வழியில் பின்னோக்கிப் போனால் கிழக்கே இருந்து இங்கிலாந்துக்குப் போன மூன்று குதிரைகளில் ஒன்றில்தான் போய் நிற்கும். அவற்றில் இரண்டின் பெயரிலேயே ‘அரேபியன்’ இருக்கிறது, மூன்றாவது ‘துருக்கி’. புகாருக்கும் மாபாருக்கும் கப்பலில் குதிரை வந்த அதே மேற்குத் திசை!

சரி, கதைக்கு வருவோம். வருடம் 1922. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்ட அதே வருடம். அங்கே இங்கிலாந்தில், டான்காஸ்டர் என்ற ஊரில் குதிரைக் குட்டிகளின் ஏலம். ஒரு வயது நிரம்பிய, சாம்பல் நிறப் பெண் குட்டி ஒன்று வளையத்துக்குள் வந்தது. யார்க்‌ஷயரில் உள்ள ஸ்லெட்மியர் பண்ணையில் பிறந்தது. உடம்பில் அங்கங்கே வெள்ளைத் திட்டு. நம் ஊர்த் தரகராக இருந்தால் அந்தத் திட்டுகளைப் பார்த்தே பத்து சதவீதம் விலையைக் குறைத்திருப்பார்.

ஏலம் 9,100 கினியில் முடிந்தது. ஒரு கினி என்பது ஒரு பவுண்டு, ஒரு ஷில்லிங். அன்றைய நம் பணத்தில் சுமார் ஒன்றரை லட்ச ரூபாய். 1922-ல், இன்னும் ஒரு ஓட்டம்கூட ஓடாத குட்டிக்கு! ஏலம் கேட்டவர் ஜார்ஜ் லாம்டன் என்ற பெயர்பெற்ற பயிற்சியாளர். அவர் கேட்டது தனக்காக அல்ல. மூன்றாம் ஆகா கானுக்காக.

ஆகா கான் கராச்சியில் பிறந்தவர், இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாம். தாத்தா காலத்திலிருந்து பம்பாயில் குதிரை லாயம் வைத்திருந்த குடும்பம். பின்னாளில் சர்வதேச சங்கத்தில் இந்தியாவின் பிரதிநிதியாகவும், 1937-ல் அந்தச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். இங்கிலாந்துப் பந்தயத்தில் அவர் இறங்கி அப்போது ஓரிரு வருடங்கள்தான் ஆகியிருந்தன. தன் குதிரைகளுக்கு ஊர்ப்பெயரும் குடும்பப் பெயரும் வைப்பதில் அவருக்குப் பிரியம். புதுக் குட்டிக்கு அவர் வைத்த பெயர் மும்தாஜ் மஹால்.

இந்தக் குட்டிக்கு இவ்வளவு விலை ஏன்? புத்தகத்தைப் பிரித்தால் பதில் இருக்கிறது. அப்பா பெயர் டெட்ரார்க். 1911-ல் அயர்லாந்தில் பிறந்தவன். சாம்பல் உடம்பில் யாரோ சுண்ணாம்பை வாரித் தெளித்தது போல வெள்ளைப் புள்ளிகள். குழந்தைகள் ஆடுகிற மரக் குதிரை என்று கேலி செய்தார்கள். இரண்டு வயதில் களத்தில் இறங்கினான், ஏழு பந்தயம் ஓடினான், ஏழிலும் வெற்றி. கேலி செய்தவர்களே ‘புள்ளி போட்ட அதிசயம்’ என்றார்கள். காலில் அடிபட்டு அத்தோடு ஓட்டம் நின்றது. பொலிகுதிரையாக விட்டால் ஐயாவுக்குப் பெண் குதிரைகள் மேல் நாட்டமே இல்லை! வாழ்நாளில் மொத்தமே சுமார் 130 குட்டிகள். ஒரு நல்ல பொலிகுதிரைக்கு இன்று இரண்டு மூன்று வருடத்தில் இதைவிட அதிகம் பிறந்துவிடும். அந்த 130-ல் ஒருத்திதான் இவள்.

அம்மா லேடி ஜோசஃபின். அவளுடைய அம்மாவின் அப்பா அமெரிக்காவில் பிறந்த குதிரை. இங்கே ஒரு சின்ன வேடிக்கை. அமெரிக்கக் குதிரைகளின் பழைய வம்சப் பதிவுகள் சரியில்லை, அவை ‘சுத்த ரத்தம்’ இல்லை என்று 1913-ல் இங்கிலாந்துக்காரர்கள் ஒரு விதி கொண்டுவந்தார்கள். அதற்கு ஜெர்சி சட்டம் என்று பெயர். (நம் ஊர் ஜெர்சி மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஜெர்சி பிரபுவின் பெயர் அது.) முன்பே புத்தகத்தில் ஏறிவிட்ட குடும்பங்கள் தப்பித்தன. இல்லாவிட்டால் இந்தக் குடும்பமும் வாசலில் நின்றிருக்கும். ஜாதி சுத்தம் பேசியவர்கள் 1949-ல் அந்த விதியைத் தாங்களே கைவிட்டார்கள். ‘அசுத்த’ ரத்தம் ஓடிய குதிரைகள் ஜெயித்துக்கொண்டே இருந்தால் எத்தனை நாள்தான் கண்ணை மூடிக்கொள்வது!

மும்தாஜின் நிறத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாம்பல் குதிரை சாம்பலாகப் பிறப்பதில்லை. கறுப்போ பழுப்போ செம்மையோ ஒரு நிறத்தில் பிறந்து, வளர வளர நரைத்து, கடைசியில் வெள்ளையாகிவிடும். டெல்டாவில் இதைப் புரியவைக்கப் படம் காட்ட வேண்டியதில்லை. தலைஞாயிறு பக்கத்து உம்பளச்சேரி மாட்டின் கன்று செம்பழுப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில் சாம்பலாக மாறுவதை அங்கே ஒவ்வொரு வீட்டிலும் பார்த்திருப்பார்கள். கொருக்கை அரசுப் பண்ணைக்குப் போனால் இரண்டு நிறத்தையும் ஒரே தொழுவத்தில் பார்க்கலாம். குதிரையில் இதற்குக் காரணம் ஒரே ஒரு மரபணு மாற்றம், உலகத்துச் சாம்பல் குதிரைகள் எல்லாம் அந்த மாற்றத்தை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றவை என்று 2008-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது சாம்பலாக இருந்தால்தான் குட்டி சாம்பலாகும். நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால், போனதுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1923. மும்தாஜுக்கு இரண்டு வயது. பயிற்சியாளர் டிக் டாசன், ஜாக்கி ஜார்ஜ் ஹல்ம். முதல் ஓட்டம் நியூமார்க்கெட்டில். கதவு திறந்ததும் முன்னால் போனாள் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் அந்தக் காலத்தில் கதவெல்லாம் கிடையாது, குறுக்கே கட்டிய நாடாக்கள் மேலே எழும்பும், அவ்வளவுதான். நாடா எழும்பியது, அவள் முன்னால் போனாள், யாரும் பிடிக்கவில்லை. அடுத்து ராயல் ஆஸ்கட்டில் குயீன் மேரி பந்தயம். ஐந்து ஃபர்லாங், அதாவது ஒரு கிலோமீட்டர். அந்த ஒரு கிலோமீட்டருக்குள் இரண்டாவது வந்த குட்டியைவிடப் பத்து லெங்த் முன்னால். ஒரு லெங்த் என்பது மூக்கிலிருந்து வால் வரை ஒரு குதிரையின் நீளம். பத்துக் குதிரைகளை வரிசையாக நிற்கவைத்துப் பாருங்கள்; அவ்வளவு இடைவெளி.

பிறகு சாண்டவுன், குட்வுட், டான்காஸ்டர். ஐந்து ஓட்டம், ஐந்து வெற்றி. ‘பறக்கும் குட்டி’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

ஆறாவது ஓட்டத்தில் கால் சறுக்கியது. கெம்ப்டனில் ஆறு ஃபர்லாங். மழையில் நனைந்து கனத்துப் போன தரை. கடைசிச் சில அடிகளில் ஆர்கேட் என்ற குதிரை அவளை முந்திவிட்டது. தோற்றது கொஞ்சத்தில்தான். ஆனால் பந்தய உலகம் அந்தக் கொஞ்சத்தை விடவில்லை. அவளுக்கு வேகம் இருக்கிறது, மூச்சு இல்லை என்று பேச்சு கிளம்பியது. உம்பளச்சேரி மாடு முழங்கால் சேற்றில் ஆறு ஏழு மணி நேரம் தாங்கும். மும்தாஜுக்குச் சேறு ஆகாது, தூரமும் ஆகாது என்று முடிவு கட்டினார்கள்.

பந்தயத்தில் பெரிய கௌரவம் எல்லாம் தூரத்தில்தான் இருக்கிறது. மூன்று வயதுப் பெண் குதிரைகளுக்கான ‘ஆயிரம் கினி’ ஒரு மைல். ‘ஓக்ஸ்’ ஒன்றரை மைல். டெர்பியும் ஒன்றரை மைல். ஐந்தாறு ஃபர்லாங் ஓட்டமெல்லாம் அப்போது பெரிய மனிதர்களின் கண்ணில் இரண்டாம் தரம்.

1924-ல் ஆகா கான் அவளை ஆயிரம் கினியில் இறக்கினார். புறப்பட்ட இடத்திலிருந்தே முன்னணி. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. ஆறு ஃபர்லாங்... ஏழு ஃபர்லாங்... இன்னும் அவள்தான் முன்னால். அதற்கப்புறம்தான் கால்கள் கனத்தன. முன்னாள் பிரதமர் ரோஸ்பெரி பிரபுவின் பிளாக் என்ற குதிரை அவளைத் தாண்டிப் போனது. ஒன்றரை லெங்த் வித்தியாசத்தில் இரண்டாம் இடம். அடுத்து ஆஸ்கட்டில் மறுபடி ஒரு மைல். அங்கே முதல் மூன்று இடத்துக்குள்கூட வரவில்லை.

பலர் அத்தோடு லாயத்துக்கு அனுப்பியிருப்பார்கள். டாசன் அவளைக் குறுகிய தூரத்துக்கே திருப்பினார். குட்வுட்டில் ஒரு குறுகிய ஓட்டத்தில் ஜெயித்தாள். கடைசியாக யார்க் நகரத்தில் நன்தார்ப் பந்தயம், ஐந்து ஃபர்லாங். அங்கே அவள் ஜெயித்தது ஆறு லெங்த் வித்தியாசத்தில். கணக்கு முடிந்தது: பத்து ஓட்டம், ஏழு வெற்றி, இரண்டு இரண்டாம் இடம்.

அந்த வருடம் இங்கிலாந்தில் அதிகப் பரிசுப் பணம் வென்ற உரிமையாளர் ஆகா கான்தான். ஆனால் அவருக்கு 1924-ன் பெரிய பந்தயங்களை ஜெயித்துக் கொடுத்தவை வேறு குதிரைகள். ஒன்றரை லட்ச ரூபாய் மும்தாஜ் மூன்று வயதில் பண்ணைக்குப் போனாள், ஒரு கிளாசிக் பந்தயம்கூட ஜெயிக்காதவளாக.

அவளுடைய நிஜமான கதை ஆரம்பிப்பது இதற்குப் பிறகுதான்.

பண்ணையில் கேள்வி வேறு மாதிரி. ஐந்து ஃபர்லாங் வேகத்தைத் தூரத்துக்கு நீட்ட முடியுமா? ஆகா கானுக்கு ஆலோசனை சொன்னவர் வூயியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி. நூற்றுக்கணக்கான வம்சாவளிகளை உட்கார்ந்து கணக்குப் போட்டு, எந்த மூதாதையின் ரத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சமையல் குறிப்பு போல எழுதி வைத்தவர். அவர் இறந்த பிறகு அந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு அவர் மனைவி அதே வேலையைத் தொடர்ந்தார். இந்தக் கணக்கெல்லாம் அறிவியலா, சுழி சாஸ்திரத்தின் பிரெஞ்சு மாதிரியா என்று இன்றும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் அடிப்படை எண்ணம் எளிமையானது: வேகமான தாய்க்கு மூச்சுள்ள தகப்பனைச் சேர்ப்பது.

ஆடுதுறையில் செய்ததும் இதேதான். ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் நம் ஜி.இ.பி. 24 ரகத்தையும் சேர்த்து ஆடுதுறை 27 என்ற நெல்லை உண்டாக்கினார்கள். 1960-களில் டெல்டா வயல்களில் வேகமாகப் பரவிய ரகம் அது. ஒன்றில் இருப்பது மற்றதில் இல்லை. இரண்டும் ஒரு கதிரில் வரவேண்டும். நெல்லில் ஆறே மாதத்தில் விடை தெரிந்துவிடும். குதிரையில் ஒரு விடைக்குப் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

மும்தாஜுக்கும் கெய்ன்ஸ்பரோவுக்கும் 1928-ல் ஒரு பெண் குட்டி பிறந்தது. கெய்ன்ஸ்பரோ, 1918-ல் மூன்று பெரிய பந்தயங்களையும் சேர்த்து ஜெயித்த நெடுந்தூரக்காரன். குட்டிக்கு மா மஹால் என்று பெயர். அம்மா மாதிரியே சாம்பல். அவளை 1930 டெர்பி வென்ற பிளென்ஹைமுடன் சேர்த்தார்கள். பிறந்தவன் மஹ்மூத். குள்ளமான சாம்பல் குதிரை. இவனுக்கும் ஒன்றரை மைல் மூச்சு இருக்காது என்றுதான் பந்தயக்காரர்கள் சொன்னார்கள். பாட்டியின் பெயர் அவன் மேல் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது.

1936 டெர்பி. வெயிலில் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது எப்ஸம் மைதானம். மஹ்மூத் ஜெயித்தான். நேரம் 2 நிமிடம் 33.8 விநாடி. அந்த டெர்பி சாதனையை முறியடிக்க 1995 வரை ஐம்பத்தொன்பது வருடம் ஆயிற்று. மூச்சில்லாதவள் என்று பெயர் வாங்கிய பாட்டியின் பேரன்!

மும்தாஜுக்கு மகன்களும் பிறந்தார்கள். இரண்டொருவர் ஓரளவு ஓடினார்கள். ஆனால் வம்சம் அவர்களால் பெரிதாக வளரவில்லை. வளர்த்ததெல்லாம் பெண் மக்கள்தான்.

இன்னொரு மகள் மும்தாஜ் பேகம். பிளென்ஹைமின் குட்டி, சாம்பல் நிறம் இவளுக்கு வரவில்லை. இவள் 1940-ல் பெற்ற மகன் நஸ்ருல்லா. போர்க்காலத்தில் ஓடினான். திறமை அபாரம், குணம் அதைவிட அபாரம். மனசு வந்தால் ஓடுவான், வராவிட்டால் நடு மைதானத்தில் நின்று யோசிப்பான். 1943 டெர்பியில் மூன்றாம் இடம். ஆகா கானுக்கு அலுத்துவிட்டது, விற்றுவிட்டார். பிறகு அமெரிக்காவின் கென்டக்கிக்குப் போனவன், அங்கே ஐந்து முறை அந்த நாட்டின் முதல் பொலிகுதிரை ஆனான். அவன் மகன் போல்ட் ரூலர். போல்ட் ரூலரின் மகன் செக்ரடேரியட். 1973-ல் பெல்மான்ட் பந்தயத்தை 31 லெங்த் வித்தியாசத்தில் ஜெயித்த செம்பட்டைக் குதிரை. அந்த வீடியோவை நீங்களும் போனில் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது குதிரை திரையிலேயே இருக்காது.

இப்படி விற்றுக்கொண்டே போனதில் ஆகா கான் மேல் இங்கிலாந்துக்காரர்களுக்குக் கோபம் உண்டு. மஹ்மூதையும் 1940-ல் அமெரிக்காவுக்கு விற்றார். நல்ல விதைநெல்லை விற்றுவிட்டார் என்று டெல்டாவில் சொல்வோம் இல்லையா, அந்த மாதிரி. ஆனால் அந்த விதை போன இடத்தில் என்ன செய்தது பாருங்கள். மஹ்மூதுக்கு அமெரிக்காவில் அல்மஹ்மூத் என்று ஒரு மகள். அவளுக்கு நடால்மா என்று ஒரு மகள். நடால்மாவின் முதல் குட்டி 1961-ல் கனடாவில் பிறந்தது. ஆள் குட்டை. ஏலத்தில் வாங்க ஆளில்லை. அவன் பெயர் நார்தர்ன் டான்சர். 1964-ல் கென்டக்கி டெர்பி வென்றான். பொலிகுதிரையாக அவன் கண்ட வெற்றியை விளக்க ஒரே வரி போதும்: இன்று உலகத்தில் ஓடுகிற தரோபிரெட் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவற்றின் வம்சத்தில் எங்கேயாவது அவன் பெயர் இருக்கும். அவன் இருந்தால் அங்கே மும்தாஜும் இருப்பாள். ஊட்டியில் கோடைக்காலத்தில் ஓடிய குதிரைகளிலும்தான்.

சென்னைக் கிண்டியில் ஓடியவையும் அதற்கு விலக்கல்ல. கிண்டி என்றதும் ‘அந்தக் காலத்தில் எத்தனை வேலி நிலம் குதிரைக் காலில் போயிற்று தெரியுமா’ என்று தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெரியவராவது ஆரம்பிப்பார். பந்தயத்தில் சொத்தைத் தோற்ற மிராசுதார் கதைகள் அங்கே ஏராளம். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974-ல் சட்டம் வந்தது. அப்போது முதலமைச்சர் திருக்குவளையில் பிறந்த கருணாநிதி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: குதிரையின் பிறவித் திறன், பயிற்சி, ஜாக்கியின் சாமர்த்தியம் இவையெல்லாம் முடிவைத் தீர்மானிப்பதால் இது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு அல்ல, திறமை சார்ந்தது. பிறவித் திறன் என்று நீதிமன்றம் சொன்னதும், ஸ்டட் புக்கில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதும் ஒன்றேதான். ஓடுகிற குதிரைக்குத் திறமை வேண்டும் என்பது சரி. அதன் மேல் பணம் கட்டுகிறவருக்கு அந்தத் திறமை இருக்கிறதா என்பதை வீட்டில் இருப்பவர்களிடம் கேட்டால் வேறு தீர்ப்பு வரும்!

மும்தாஜின் கடைசி நாட்கள் பிரான்ஸில் கழிந்தன. பாரிசுக்கு வடக்கே மார்லி-லா-வில் என்ற ஊரில் ஆகா கானின் பண்ணை. 1940-ல் ஜெர்மன் படைகள் பிரான்ஸைப் பிடித்தபோது அவருடைய நல்ல குதிரைகளை வாரிக்கொண்டு போனார்கள். வயதான மும்தாஜ் பண்ணையிலேயே இருந்தாள். 1945-ல், இருபத்துநான்கு வயதில் இறந்தாள். நஸ்ருல்லாவின் பெருமை அப்போது இன்னும் தொடங்கவில்லை. நார்தர்ன் டான்சர் பிறக்கவே பதினாறு வருடம் இருந்தது.

அவள் இறந்த அடுத்த வருடம் இன்னொரு பேரன் பிறந்தான். அபர்நான்ட். மும்தாஜின் மகள் ருஸ்தம் மஹால் ஒரு பந்தயம்கூட ஓடியதில்லை. ஆகா கானின் கையை விட்டுப் போய்விட்டவள். அவள் மகன் அப்படியே பாட்டி. அதே சாம்பல், அதே ஐந்து ஃபர்லாங். 1949-லும் 1950-லும் யார்க் நகரத்தில் நன்தார்ப் பந்தயத்தை ஜெயித்தான். பாட்டி கடைசியாக ஓடி ஜெயித்த அதே பந்தயம். இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் அந்த மைதானத்தில் நின்ற யாராவது அன்றைக்கும் வந்திருந்தால், கண்ணைக் கசக்கிவிட்டுத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆகா கான் குடும்பத்திலேயே தங்கிய கிளையும் ஒன்று உண்டு. மா மஹாலின் மகள் மா ஈரான், அவள் மகள் ஸ்டார் ஆஃப் ஈரான், அவள் மகள் பெட்டீட் எத்வால். 1956-ல் பிறந்தவள், சாம்பல்காரி. ஆகா கானின் மகன் அலி கானின் குதிரை. 1959-ல் ஆயிரம் கினி ஓடினாள். கொள்ளுப்பாட்டியின் அம்மா ஏழு ஃபர்லாங் வரை முன்னால் இருந்து, கடைசி ஃபர்லாங்கில் தோற்ற அதே பந்தயம். இவள் ஜெயித்தாள். அடுத்த மாதமே ஒன்றரை மைல் ஓக்ஸையும் ஜெயித்தாள். லெஸ்டர் பிகட் ஓட்டினார். பயிற்சிக்குப் போகும்போது தன் நிறத்திலேயே இன்னொரு சாம்பல் குதிரை கூட வந்தால்தான் அம்மணி நிம்மதியாக நடப்பாளாம். அடுத்த மே மாதம் அலி கான் பாரிஸ் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். குதிரைகள் அவர் மகன் நான்காம் ஆகா கானுக்கு வந்தன.

பெட்டீட் எத்வால் தாயாக ஏமாற்றிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். குட்டி தங்கவில்லை. தங்கிய ஒரே மகள் ஸாஹ்ரா. அந்த ஒரு மெல்லிய நூல் அறுந்திருந்தால் கிளை முடிந்திருக்கும். அறுகவில்லை. ஸாஹ்ராவுக்கு மகள், அவளுக்கு மகள் என்று போய், 2005-ல் ஸார்காவா பிறந்தாள். ஏழு ஓட்டம் ஓடினாள், ஏழும் வெற்றி. கடைசி ஓட்டம் 2008 அக்டோபரில் பாரிஸ் லாங்ஷாம் மைதானத்தில், ஐரோப்பாவின் உச்சப் பந்தயமான ஆர்க் த ட்ரியோம்ஃப். ஒன்றரை மைல். நாடா போய்க் கதவு வந்துவிட்ட காலம். கதவு திறந்ததும் ஸார்காவா தடுமாறிப் பின்னால் விழுந்தாள். பிறகு கூட்டத்துக்குள் வழி பிடித்து வந்து, மூச்சு வாங்காமல் ஜெயித்தாள்.

நான்காம் ஆகா கான் 2025 பிப்ரவரியில் காலமானார். பண்ணை குடும்பத்திடமே இருக்கிறது. ஸார்காவாவின் மகன் ஸாராக் இப்போது பிரான்ஸில் பெயர்பெற்ற பொலிகுதிரை. ஸார்காவா செம்பழுப்பு நிறம். சாம்பல் அவளுக்கு முன்பே அந்தக் கிளையில் நின்றுவிட்டது.